டிரம்ஸ் வரும் வரை

எனக்குப் பிடித்த பாட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். ஒரே ஒரு கிதார், இல்லையென்றால் ஒரே ஒரு பியானோ. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல வாசிப்பார்கள். பிறகு ஒரு ஆண்குரல் வரும். ஊரையே எழுப்பக்கூடிய கரகரத்த குரல்தான், ஆனால் அதை அடக்கி வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே பேச ஆரம்பிக்கும். முதல் சரணம் அப்படியே போகும். இரண்டாவதில் அடியில் இன்னொரு வாத்தியம் வந்து சேரும். அப்புறம் ஒரு மூச்சு நேரம் எல்லாம் நிற்கும். அதற்கப்புறம்தான் டிரம்ஸ். அது வந்து விழுகிறபோது எனக்கு இன்றைக்கும் முதுகுத்தண்டு சிலிர்க்கும்.

இதற்கு பவர் பேலட் என்று பெயர் என்பது ரொம்ப நாளைக்கு எனக்குத் தெரியாது. எங்கள் அண்ணன் 'ஸ்லோ சாங்' என்பான். அவன் மணவாள நகரிலிருந்து தினமும் ரயில் பிடித்து சென்னைக் கல்லூரிக்குப் போய்வந்தவன். அங்கே சேர்ந்த சகவாசத்தில் ராக் பைத்தியம் பிடித்துப்போய், திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் கேசட் பதிவு செய்து தருகிற கடையில் வாரம் தவறாமல் நிற்பான். அவனுக்கு வேண்டியது கத்தலும் ஓட்டமும். ஸ்லோ சாங் வந்தால் பட்டனை அழுத்தி ஓட்டிவிடுவான். அவன் வெளியே போனதும் நான் திருப்பி ஓட்டிவந்து அதை மட்டும் கேட்பேன். அப்படி ஓட்டி ஓட்டியே இரண்டு கேசட்டில் டேப் மடங்கி, அவனிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

"ஒனக்கு ஒரு வார்த்த புரியுதாடி? புரியாம இன்னாத்துக்கு கண்ணத் தொடைச்சிக்கினு நிக்கற?" என்று கேட்பான்.

நான் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். பாட்டில் வருகிற மழை, இரவு, போகாதே, காத்திருக்கிறேன், இந்த அளவுக்குத்தான் எனக்குப் பிடிபடும். அதனால் என்ன? நாலு வீடு தள்ளி ஒரு சாவு விழுந்தால், அங்கே அழுகிற சத்தத்துக்கு அர்த்தம் கேட்டுவிட்டா நமக்குக் கண் கலங்குகிறது?

இந்தப் பாட்டுகளைப் பாடுகிறவர்கள் சாதாரணமாக அழுகிற ஆட்கள் இல்லை. கேசட் அட்டையைப் பார்த்தாலே தெரியும். தோளைத் தாண்டித் தொங்கும் முடி, கையில் தோல் பட்டை, முறைத்த கண். மற்ற பாட்டுகளில் எல்லாம் தகரக் கொட்டகையைப் பிரித்து எறிகிற மாதிரி கத்துவார்கள். கேசட்டுக்கு ஒன்றே ஒன்றில்தான் உடைவார்கள். இந்த வகைக்கு அதுதான் முதல் இலக்கணம் என்று எனக்குத் தோன்றும். மென்மையான ஆள் மென்மையாகப் பாடினால் அது வெறும் மென்மையான பாட்டு. கத்தத் தெரிந்தவன் கத்தாமல் இருப்பதைக் கேட்கும்போதுதான் நெஞ்சை அடைக்கிறது.

நம் சினிமா சோகப் பாட்டு வேறு. எனக்கு அதுவும் உயிர். அதை யாராவது குறை சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் அதில் கதாநாயகன் முதல் வரியிலேயே அழத் தொடங்கி கடைசி வரைக்கும் ஒரே அளவில் அழுதுகொண்டிருப்பான். இதில் அப்படியில்லை. துக்கம் முதலில் மூலையில் உட்கார்ந்திருக்கும். பிறகு எழுந்திருக்கும், நடக்கும். கடைசியில் நடுத்தெருவுக்கு வந்து நின்று 'வாங்கடா பாக்கலாம்' என்று கூப்பிடும். வார்த்தை தீர்ந்துபோன இடத்தில் கிதார் தனியாக எழுந்து கத்தும். அது முடிந்து பாடகர் திரும்ப வரும்போது, முன்பு முணுமுணுத்த அதே வரியைத் தொண்டை கிழியப் பாடுவார். வரி மாறவில்லை, ஆள் மாறிவிட்டான். அந்த மெதுவான தொடக்கத்தைக் கேட்காமல் கடைசியை மட்டும் கேட்டால் அது வெறும் இரைச்சல். இதை நான் பாட்டிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை, கல்யாணத்துக்கு அப்புறம் கற்றுக்கொண்டேன்.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது புதுவாயல் பக்கம் ஒரு லைன் வீட்டுக்கு. இரண்டாயிரங்களின் தொடக்கம். சீதனமாக வந்த சாமான்களில் நான் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு டூ-இன்-ஒன் மட்டும்தான். கூடவே அண்ணன் வேண்டாம் என்று தள்ளிய கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய. "பீரோ கேக்கற வயசுல டேப் ரிக்கார்டு கேக்குது பாரு இந்தப் பொண்ணு," என்று மாப்பிள்ளை வீட்டில் சிரித்தார்களாம். சிரிக்கட்டுமே.

என் வீட்டுக்காரருக்கு கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்பை அடித்து லாரிக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. ஹேமர் ஓட்டுகிறவர். ஹேமர் என்றால் கையில் பிடிக்கிற சுத்தி இல்லை; இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிற இயந்திரம். உலையிலிருந்து செக்கச்செவேல் என்று எடுத்த துண்டை இடுக்கியில் பிடித்து அச்சின்மேல் வைப்பார்கள், இவர் மிதியை அமுக்கினால் மேலிருந்து அடி இறங்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பேச்சு எல்லாம் கையால்தான். எதிரே நிற்கிற மேஸ்திரி ஒரு விரலைத் தூக்கினால் மெதுவான அடி. இரண்டு விரல் தூக்கினால் பாதி அடி. முஷ்டியைக் காட்டினால் முழு அடி. கையைக் கீழே இறக்கினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அது இறங்குகிற வரை ஒருத்தரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. அசைந்தால் இன்னொருத்தர் கை போய்விடும்.

இதையெல்லாம் அவர்தான் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுத்தார். ஹேமர்காரர் என்றால் அந்த லைனில் ஒரு கெத்து. டீக்கடையில் பெஞ்சில் இடம் விடுவார்கள். இன்னொன்றும் உண்டு. எங்கள் லைனில் பாதி வீடு ஹேமர் வீடு. அங்கே யாருமே சாதாரணமாகப் பேசமாட்டார்கள். உப்பு இருக்கிறதா என்று கேட்பதே சண்டை மாதிரி இருக்கும். டி.வி. ஒவ்வொரு வீட்டிலும் முழுச் சத்தத்தில் ஓடும். வந்த புதிதில் நான் மிரண்டு போனேன். பக்கத்து வீட்டு அக்காதான், "ஹேமர் ஊட்டு ஆளுங்க இப்படித்தாம்மா, கோவம்னு நெனச்சிக்காத, பழகிடும்," என்றாள். பழகிவிட்டது. நானும் கத்த ஆரம்பித்தேன். அத்தனை பேரும் கத்துகிற இடத்தில், யாருக்குக் கேட்கவில்லை என்று யார் கண்டுபிடிப்பது?

என் பாட்டுகளுக்கு அவர் வைத்த பெயர் இங்கிலீஷ் ஒப்பாரி. "இன்னாம்மே, இன்னிக்கி யாரு செத்தது?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "தோ பாரு, கேக்கத் தெரிஞ்சா கேளு, இல்லாட்டி கம்னு இரு," என்பேன். அவர் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவார். ஆனால் ஒரு பாட்டு மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. பியானோவில் ஆரம்பித்து, வெகுநேரம் மெதுவாகவே போய், திடீரென்று டிரம்ஸ் விழுகிற பாட்டு. எனக்கும் அதுதான் இருப்பதிலேயே உசத்தி. வீக்லி ஆஃப் அன்று பழவேற்காட்டு நண்டுக் குழம்பு முடிந்ததும், "அந்த ஹேமர் பாட்ட போடும்மே," என்பார். நான் போடுவேன். இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வோம். டிரம்ஸ் விழுந்ததும் தொடையில் ஓங்கித் தட்டி, "ஆங், இப்ப வந்துச்சு!" என்பார். டிரம்ஸுக்காக என்னோடு சேர்ந்து காத்திருக்கிற ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஆனால் அந்தப் பாட்டைப் பற்றி அவருக்கு ஒரு குறை இருந்தது.

"எல்லாம் சரி. ஒம் பாட்டுக்காரனுக்கு வேலை தெரியலம்மே. எடுத்த எடுப்புலயே ஃபுல் அடி அடிக்கிறான். சூட்டுத் துண்டு மேல செதில் மாதிரி பொருக்கு இருக்கும், அத மொதல்ல மெதுவாத் தட்டி உதிர்க்கணும். துண்டு அச்சுல ஒக்காரணும். அப்புறம்தான் ஃபுல் அடி. எடுத்தவுடனே அடிச்சா துண்டு பறந்து போய் எவன் மூஞ்சிலயாவது ஒக்காரும். எங்க மேஸ்திரி பாத்தா இவனத் தொரத்திடுவாரு."

"ஐயே! எடுத்த எடுப்புலயா? இவ்ளோ நேரம் மெதுவாத்தான வந்துக்கினு இருந்தான், தூங்கினியா?"

"சொம்மா சொல்லாத," என்பார் அவர். கேலி செய்கிறார் என்று நினைத்து நான் தலையணையை எடுத்து எறிவேன். இந்தச் சண்டை எத்தனையோ தடவை நடந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் சிரித்துத்தான் முடியும்.

நான் முழுகாமல் இருந்த சமயம். ஒரு வீக்லி ஆஃப் அன்று அதே பாட்டைப் போட்டேன். பியானோ தொடங்கிவிட்டது. பாடகர் முதல் வரியை முணுமுணுக்கிறார். டூ-இன்-ஒன்னையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து போய் மூடியைத் திறந்தார். பாட்டு நின்றது.

"இன்னா பண்ற?"

"கேசட்டு சுத்துது, சத்தத்தையே காணோமே. எப்பப் பாத்தாலும் மொதல்ல கொஞ்ச நேரம் காலியாவே ஓடுது. ஹெட்டு அழுக்காயிருக்கும்." பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைப் பொறுமையாகத் துடைத்தார். ஊதினார். திரும்பப் போட்டார். பியானோ சுத்தமாகக் கேட்டது. அவர் குனிந்து காதை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோய், உதட்டைப் பிதுக்கினார். "ஊஹூம். இன்னும் காலியாத்தான் ஓடுது. கடைக்காரன் ஏமாத்திக்கிறாம்மே, பாதி டேப்பு வெறுமனே வுட்டுட்டான்."

நான் சிரித்துவிட்டேன். நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கேலி எதுவும் இல்லை. ரிப்பேர் பார்க்கிறவன் முகம்தான் இருந்தது.

கேசட்டை முதலிலிருந்து ஓட்டினேன். அவர் கையைப் பிடித்து ஸ்பீக்கர் வலைமேல் வைத்தேன். பாட்டு தொடங்கியதும், அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். மெதுவான அடி. அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். வலைக்குக் கீழே ஏதோ அதிர்வது அவருக்குத் தெரிகிறது. இரண்டாவது சரணம் வந்தது. இரண்டு விரலைத் தூக்கினேன். எல்லாம் நின்ற அந்த ஒரு மூச்சு நேரத்தில் விரல்களை இறக்காமல் பிடித்திருந்தேன். பிறகு முஷ்டியைக் காட்டினேன், டிரம்ஸ் விழுந்தது. அவர் "இப்ப வந்துச்சு" என்று சொல்லவில்லை. கையை எடுத்து, பாட்டை நிறுத்தினார்.

"மொதல்லருந்தே ஓடுதா?"

"மொதல்லருந்தே ஓடுது."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவர் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டார். இத்தனை நாளும் நாங்கள் ஒரே பாட்டைச் சேர்ந்து கேட்கவே இல்லை. நான் காத்திருந்த நேரமெல்லாம் இந்த மனிதர் என் பக்கத்தில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று முழுக்க யோசித்து யோசித்துப் பார்த்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார், திமிர் என்று நினைத்துக்கொள்வேன். குக்கர் விசில் அவருக்குக் கேட்காது. நான் பேசும்போது வாயையே பார்ப்பார். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். பாசமும் இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

மறுநாளிலிருந்து வீட்டில் யுத்தம். காதில் அழுக்கு, சளி, தலைக்குக் குளித்தது என்று ஆயிரம் சாக்கு சொன்னார். கம்பெனியில் காதுக்குள் வைக்க அடைப்பான் கொடுக்கிறார்களே என்றேன். கொடுக்கிறார்கள், எல்லோரும் கழுத்தில் மாலையாகப் போட்டிருக்கிறோம் என்றார். அதை வைத்துக்கொண்டால் இரும்பு பேசுவது கேட்காதாம், அடி சரியாக விழுந்ததா என்று தெரியாதாம். ரொம்ப வலித்தால் இயந்திரம் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியைக் கொஞ்சம் சுருட்டிக் காதில் திணித்துக்கொள்வார்களாம். வருஷா வருஷம் காதைச் சோதிக்கிறார்களே, அதில் எப்படித் தேறினாய் என்று கேட்டேன். அதற்கு ஒரு சிரிப்பு சிரித்தார். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்பார்களாம். சோதிக்கிறவரின் கை மெஷினின் பட்டனைத் தொடுவதைப் பார்த்து இவர் கையைத் தூக்கிவிடுவார். கையைப் பார்த்து வேலை செய்வதுதானே இவருக்குத் தொழில்.

"அடப்பாவி மனுசா, யாரை ஏமாத்தற? ஒங் காதையே ஏமாத்திக்கினு வந்துகிற!"

"தெரிஞ்சா ஹேமர்லருந்து எறக்கிடுவாங்கம்மே. பேக்கிங்ல ஒக்காந்து ஆணி அடிக்கச் சொல்றியா?"

"அடி. ஆணி அடி. நாளைக்கி பொறக்கப் போறது ஒன்ன அப்பான்னு கூப்பிட்டா ஒனக்குக் கேக்கணுமா வேணாமா?"

அவர் வெளியே போய்விட்டார். குழந்தை கூப்பிட்டால் அவருக்குக் கேட்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காக எவ்வளவு நாள் வேண்டுமானாலும் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

ஒருவழியாக ரயிலேறி சென்னைக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தோம். அந்த அம்மா கெட்டிக்காரி. இவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துச் சோதித்தாள். யாருடைய கையையும் பார்க்க முடியாமல் இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விழித்தார். போனது போனதுதான், திரும்பாது என்றாள். மெல்லிய சத்தம், கீச்சுச் சத்தம் எல்லாம் போய்விட்டன. கனத்த சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கிறது. ஹேமரை விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், விடாவிட்டால் அதுவும் போகும் என்றாள். திரும்பி வருகிற ரயிலில் மீஞ்சூர் தாண்டும் வரை அவர் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "டிரம்ஸ் கேக்குதுல்ல. அது போதும் எனக்கு," என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஹேமரை அவர் விடவில்லை. வயிறு பெரிதாகிக்கொண்டே போனது. நான் கத்தினேன், கெஞ்சினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். நான் பேசாமல் இருந்தால் அவருக்கு அவ்வளவாக நஷ்டம் இல்லை என்று தெரிந்துபோனதால் அந்த ஆயுதமும் போயிற்று. கடைசியில் பிரசவத்துக்கு மணவாள நகருக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனேன்.

பெண் குழந்தை. தகவல் கிடைத்ததும் ஷிப்ட் முடிந்த கையோடு வந்தார், நகத்தடியில் கரி அப்படியே இருந்தது. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது தூக்கத்தில் சிணுங்க ஆரம்பித்தது. பிறந்த குழந்தையின் சிணுங்கல் எப்படி இருக்கும்? பூனைக்குட்டி மாதிரி, மூச்சில் பாதி. எங்கள் அம்மா சமையலறையிலிருந்து, "பசிக்குது போல, தூக்குங்க," என்று குரல் கொடுத்தார்கள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டு சிரித்தபடியே உட்கார்ந்திருந்தார். குழந்தையின் வாய் கோணுகிறது, முகம் சிவக்கிறது. "பாரும்மே, எப்படிக் கொட்டாவி வுடுது," என்றார்.

குழந்தை மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்தது. ஒரு நொடி எல்லாம் நின்றது. பிறகு வீடே அதிர வீல் என்று கத்தியது.

"ஆங், இப்ப வந்துச்சு," என்றார். பழக்கத்தில் வந்த வார்த்தை. சொல்லி முடிக்கவில்லை, அவர் முகம் மாறிவிட்டது. குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடியே அழுதுக்கினு இருந்துச்சா?"

நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அந்தப் பெரிய மனிதர், இரும்பை அடித்துப் பழுத்த உடம்பு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கேசட் அட்டை ஆட்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதற்கு அடுத்த வாரமே அவராகப் போய், தன் காது கதையை ஒளிக்காமல் சொல்லி, ஹேமரை விட்டு இறங்கினார். பேக்கிங்கில் போட்டார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் இனிமையாகப் போயிற்று என்று சொன்னால் பொய். ரொம்ப நாள் டீக்கடைப் பக்கமே போகாமல் இருந்தார். காதில் மாட்டுகிற மெஷின் ஒன்று வாங்கினோம். அதில் தட்டு விழுகிற சத்தம்தான் தலைக்குள் இடிக்கிறது என்று, பட்டு வேட்டி மாதிரி கல்யாணம் காட்சிக்கு மட்டும் மாட்டிக்கொண்டார். மகள் முதன்முதலில் அப்பா என்று சொன்னதை அவர் வாயசைவில்தான் பார்த்தார். அவள் அதை உடனே புரிந்துகொண்டாளோ என்னவோ, இரண்டாவது தடவை லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். பிறகு அவள் பேச்சே அப்படி ஆகிவிட்டது. பால்வாடி டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஒங்க பொண்ணுக்கு மெதுவாப் பேசவே தெரியாதாம்மா?" என்று கேட்டார். தெரியாது டீச்சர், ஹேமர் வீட்டுப் பெண் என்றேன்.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. டூ-இன்-ஒன் போய் சி.டி. பிளேயர் வந்தது, அதே பாட்டு அதில் இன்னும் துல்லியமாகக் கேட்டது. பாட்டு தொடங்கியதும் நான் ஒரு விரலைத் தூக்குவேன், பாட்டு ஓடுகிறது என்று அவருக்குத் தெரிவதற்காக. அவர் அதைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டுவார். மகள் வளர்ந்ததும் அந்த வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அப்பாவுக்கு நேர் எதிரே, மேஸ்திரி நிற்கிற மாதிரி நின்று, ஒரு விரல், இரண்டு விரல், முஷ்டி. ஒரு அடி தப்பாது.

மின்வெட்டு ஊரை வாட்டிய வருஷம் அது. மார்கழி மாதத்துப் பகல், குளிருக்கு மின்விசிறி போடவில்லை. நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாட்டு ஓடியது, மகள் விரலைத் தூக்கி நின்றாள், அவர் சுவரில் சாய்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சரணத்தின் பாதியில் கரண்ட் போனது. பியானோ பட்டென்று நின்றது. அவர் அசையவில்லை. தலை அதே தாளத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ச் சொல்லலாம் என்று முறத்தைக் கீழே வைத்தேன்.

மகள் பிளேயரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். விரலை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு விரலாக்கினாள். மற்ற கையால் பக்கத்தில் காலியாக இருந்த அரிசி டின்னை இழுத்துக் கவிழ்த்தாள். முஷ்டியைக் காட்டி, அந்த டின்மேல் ஓங்கி அடித்து, தனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லாத வார்த்தைகளில், டீச்சர் வேண்டாம் என்ற அந்தக் குரலில், பாட்டை அங்கிருந்து பாட ஆரம்பித்தாள்.

"ஆங், இப்ப வந்துச்சு!" என்று அவர் தொடையில் தட்டினார்.

அவள் தொண்டை கிழியக் கடைசி வரைக்கும் பாடி, கையைக் கீழே இறக்கிவிட்டு விளையாட ஓடினாள். நான் அவர் எதிரே போய் உட்கார்ந்து, வாயைப் பார்க்கிற மாதிரி முகத்தைக் காட்டி, மெதுவாகச் சொன்னேன்.

"கரண்ட்டு அப்பவே போயிடுச்சுங்க."

"தெரியும்மே," என்றார். "பிளேயர்ல செவப்பு லைட்டு அணைஞ்சத பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு ஒக்காந்துக்கினே இருந்த?"

அவர் என்னை, ஒன்றும் தெரியாத புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அவ கையை எறக்கலியேம்மே."